முட்டி வலிக்குது என்று சொன்ன ஆறு வாரம்

உங்கள் பிள்ளை வயதுக்கு மீறிய எடையோடு இருந்து, முட்டி வலிக்கிறது என்று சொல்லி, ஒரு காலை வெளிப்பக்கம் திருப்பி நடந்தால், இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நடக்கவும் விட வேண்டாம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. நேரம் இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியெல்லாம் இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதுதான்.

நான் லிஃப்ட் டெக்னீஷியன். சிங்கப்பூரில் வீவக என்னும் அரசாங்க வீட்டுக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் பராமரிப்பு வேலை, பத்தொன்பது வருஷமாக. லிஃப்ட் தரையோடு சமமாக நிற்கவில்லை என்றால் காலை வைத்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. யாராவது வந்து “லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது” என்று சொன்னால் முதலில் லிஃப்டை நிறுத்த வேண்டும். பிறகுதான் திறந்து பார்க்க வேண்டும். சொன்னவருக்குக் காது சரியாகக் கேட்குமா, பொழுதுபோகாமல் சொல்கிறாரா என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. பாதி நேரம் ஒன்றும் இருக்காது. பரவாயில்லை, மறுபடி ஓடவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

வீடு புக்கிட் பாத்தோக்கில், பன்னிரண்டாவது மாடி. மனைவி கல்பனா தேக்கா பக்கத்தில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் தர்ஷினி. பதினோரு வயது, தொடக்கநிலை ஐந்து.

பள்ளியில் வருஷா வருஷம் தாதியர் வந்து உயரம், எடை பார்ப்பார்கள். இந்த வருஷம் அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. அறுபத்திரண்டு கிலோ, உயரத்துக்கு மிக அதிகமான எடை, பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள் என்று நாளும் நேரமும் போட்டிருந்தார்கள். அந்த நாள் எனக்கு வேலை இருந்தது. வேலை ஒரு சாக்குதான். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் வேலையைப் பற்றி யாரோ மேலிடத்தில் புகார் கொடுத்த மாதிரி இருந்தது. இதை நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று கல்பனாவிடம் சொன்னேன்.

நான் கண்டுபிடித்த வைத்தியம் மாடிப்படி. இரவு எட்டு மணிக்கு நான் வேலை முடிந்து வந்ததும், தர்ஷினி கீழ்த்தளத்திலிருந்து பன்னிரண்டாவது மாடிவரை படியேற வேண்டும். லிஃப்ட் கிடையாது. அவள் ஏறத் தொடங்கியதும் நான் லிஃப்டில் மேலே போய், படிக்கட்டு வாசலில் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிவிட்டு மகளை மட்டும் லிஃப்டில் ஏறவிடாதவன் நான்தான்.

இரண்டு வாரம் ஏறினாள். மூன்றாவது வாரம் “முட்டி வலிக்குதுப்பா” என்றாள். புதிதாக உடற்பயிற்சி செய்தால் வலிக்கத்தான் செய்யும் என்றேன். கல்பனா தேக்காவில் ஒரு தைலம் வாங்கி வந்து படுக்கப்போகும் முன் தேய்த்துவிட்டாள். வலி போகவில்லை. உடற்கல்வி வகுப்புக்கு விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள் தர்ஷினி. நான் எழுதித் தரவில்லை. அவளுடைய ஆசிரியர் ஒருமுறை போன் செய்து பிள்ளை நொண்டுவது போல் இருக்கிறது என்றார். “உடற்கல்வி வகுப்புன்னா அப்படித்தான் சார் நடப்பா” என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டேன். “பொய் சொல்லாத. லிஃப்ட்ல வர்றதுக்கு இது ஒரு டிராமா.” அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் வலி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வலி தொடங்கி ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை இரவு. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். கீழே ஏதோ விழுந்த சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் திருப்பத்தில் கிடந்தாள். வலது கால் வெளிப்பக்கம் ஒருமாதிரி திரும்பிக் கிடந்தது. தூக்கப் போனேன். “தொடாதப்பா, தொடாதப்பா” என்று கத்தினாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வந்த இருவரில் ஒருவர், மலாய்க்காரர், அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

“டுடே ஒன்லி” என்றேன் நான்.

அதுதான் அந்த ஆறு வாரத்தில் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட முதல் பொய்.

அவளைத் தூக்குப் படுக்கையில் கட்டி ஆறாவது மாடிக்கு இறக்கினார்கள். நான் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் தரையோடு சரியாக நின்றிருந்தது. அதைக்கூடக் கவனித்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது அன்றைக்கு. வேறு யாருக்கோ நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

குழந்தைகள் அவசரப் பிரிவின் சுவர் முழுக்க மீன் படம் வரைந்திருந்தார்கள். கல்பனாவுக்கு அன்று கடையில் கூடுதல் நேர வேலை, அங்கிருந்து நேராக வந்தாள். அளவெடுக்கும் டேப் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வருவதற்கு முன்பே அறையில் இருந்த திரையில் படம் வந்துவிட்டது. இரண்டு இடுப்பும் பக்கத்தில் பக்கத்தில். இடப்பக்கம் தொடை எலும்பின் உச்சியில் உருண்டை நேராக உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் அந்த உருண்டை சரிந்து கீழே இறங்கியிருந்தது. டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. லெவல் போயிருந்தது.

“என்னங்க தெரியுது அதுல?” என்றாள் கல்பனா.

“ஒண்ணும் தெரியல” என்றேன்.

எலும்பு டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், டாக்டர் நளாயினி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் என்று பின்னால் சொன்னார். அவருடைய தமிழ் கொஞ்சம் நின்று நின்று வரும், ஆனால் தர்ஷினிக்கும் புரியவேண்டும் என்று தமிழிலேயே சொன்னார். வளரும் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் உருண்டைக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. எலும்பு வளர்வது அங்கேதான். இன்னும் இறுகாத குருத்து. உடம்பு எடை தாங்க முடியாமல் போகும்போது சில பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் உருண்டை வழுக்கிவிடும். இடுப்பிலிருந்து போகும் நரம்பு முட்டிவரை போவதால் பிள்ளைக்கு முட்டிதான் வலிக்கும்.

“ஐஸ்கிரீம் கோன் தெரியும் தானே?” என்று தர்ஷினியிடம் கேட்டார். “கோன் மேல இருக்கிற ஸ்கூப் சரிஞ்சு விழப் பார்க்குது. நான் ஒரு ஸ்க்ரூ போட்டு அதை அப்படியே நிறுத்திடுவன். சரியோ?”

டாக்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்வாராம். ஆனால் தர்ஷினியின் முகம் மாறிவிட்டது.

“நான் சண்டே மட்டும்தான் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் டாக்டர்” என்றாள். “ஒண்ணே ஒண்ணுதான். ப்ராமிஸ்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஐஸ்கிரீமால் வந்தது இல்லை, உன் மேல் தப்பு இல்லை என்று இரண்டு மொழியிலும் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கல்பனா “ஆறு வாரமா” என்றாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படியேறியதால் வந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எடையால் ஏற்கெனவே மெதுவாக வழுக்கிக்கொண்டிருந்திருக்கலாம், வலி தொடங்கிய பிறகும் அதன் மேல் நடந்ததும் ஏறியதும்தான் மோசமாக்கியது என்றார். முதல் வாரமே வந்திருந்தால் சின்ன வேலை. இப்போது உருண்டைக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்திருக்கக் கூடும். அறுந்தால் உருண்டை செத்துப்போகும், அது தெரிய மாதக்கணக்கில் ஆகும். நான் தலையாட்டினேன். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

மறுநாள் காலை மயக்க மருந்து டாக்டர் வந்தார். பிள்ளை குறட்டை விடுவாளா என்று கேட்டார். நன்றாக விடுவாள், அசந்து தூங்குகிறாள் என்று நாங்கள் சந்தோஷப்படுவோம் என்றேன். எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபடும், அதுதான் குறட்டை, மயக்கம் கொடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்றார். அவர் தர்ஷினியின் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே தோல் கறுத்துத் தடித்திருக்கும். கல்பனா உடனே, “அழுக்கு இல்லைங்க டாக்டர். வாராவாரம் கடலைமாவு போட்டுத் தேய்ச்சுத்தான் விடுறேன்” என்றாள், ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதியாக.

அது அழுக்கே இல்லையாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். தேய்த்தால் போகாது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது, ஈரலில் கொழுப்புப் படியத் தொடங்கியிருந்தது. தோல் சிவந்துபோகும்வரை வெள்ளிக்கிழமை தோறும் கல்பனா தேய்ப்பாள். தர்ஷினி குளியலறையில் அழுவாள், நான் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். இதையெல்லாம் கல்பனா நினைத்திருக்க வேண்டும். தர்ஷினியின் கழுத்தில் கையை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அறுவைச் சிகிச்சை இரண்டு மணி நேரம். நான் கீழே போய்ச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை நினைவில்லை, தட்டு காலியாக இருந்தது மட்டும் தெரியும். அழுகையும் வரவில்லை. சாமி கும்பிடவும் தோன்றவில்லை. கல்பனா என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஒருமுறை “நீங்க ஷூ லேஸ் கட்டல” என்றாள். குனிந்து அவளே கட்டிவிட்டாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

ஸ்க்ரூ சரியாக உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். ரத்த ஓட்டம் பற்றிப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். ஒரு பக்கம் வழுக்கிய பிள்ளைக்கு மறுபக்கமும் வழுக்க வாய்ப்பு அதிகம். இடது இடுப்பு இப்போது நன்றாக இருக்கிறது. இடுப்போ தொடையோ முட்டியோ, அந்தப் பக்கம் துளி வலி என்றாலும் அன்றைக்கே வர வேண்டும்.

“அவள் சொல்ல வேண்டும், நீங்கள் கொண்டுவர வேண்டும். வேற வழி இல்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க முடியாது” என்றார்.

அவள் சொல்வாளா என்பது அன்று மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வார்டில் தாதி ஒரு அட்டை வைத்திருப்பார். பூஜ்யத்திலிருந்து பத்துவரை முகங்கள், சிரிப்பதிலிருந்து அழுவதுவரை. எவ்வளவு வலி என்று பிள்ளை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். தர்ஷினி முதலில் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு “ஸீரோ” என்றாள்.

உதடு வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை. தாதி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அங்கிள், கொஞ்சம் வெளில போய் தண்ணி பிடிச்சிட்டு வர்றீங்களா?” என்றார். பாட்டிலில் தண்ணீர் நிறைய இருந்தது. நான் எடுத்துக்கொண்டு போனேன். திரைக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

“இப்ப சொல்லும்மா.”

“எட்டு” என்றாள் என் மகள்.

நான் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போய், இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். பெற்ற பிள்ளை என் முன்னால் வலியைச் சொல்லப் பயப்படுகிறாள். வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு நாளில் எனக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான், அதற்கு முன் எல்லாம் மரத்துப்போய்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எங்கள் புளோக்கிலிருந்து மக்சிக் ரோஹானா வந்தார், மக்சிக் என்றால் மலாயில் அத்தை. ஒன்பதாவது மாடிக்காரர், அறுபது வயது இருக்கும். கஞ்சி கொண்டுவந்திருந்தார். நான் நன்றி சொன்னபோது சங்கடமாகப் பார்த்தார். நடந்ததை அவரே மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னார். தர்ஷினி தினமும் ஒன்பதாவது மாடிவரை வந்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுவாளாம். மக்சிக் தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவந்து படிக்கட்டுப் பக்கம் போட்டிருக்கிறார். தண்ணீர் கொடுப்பாராம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போவாளாம். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாளாம்.

“ஐ ஷுட் டெல் யூ லா” என்றார் மக்சிக். “சாரி லா.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மேலே நின்று “இன்னைக்கு இருபது நிமிஷம், நேத்தைவிட மோசம்” என்று நான் சொன்ன நாட்களில் எல்லாம் அந்த முக்காலி அங்கே இருந்திருக்கிறது. நான் லிஃப்டில் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஃபரா எங்கள் மூவருக்கும் தனித்தனியாக ஒரு தாள் கொடுத்தார். தர்ஷினி ஒரு சாதாரண நாளில் என்ன சாப்பிடுவாள் என்று ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல் எழுத வேண்டும். நான் எழுதியது: இரவு எட்டரைக்கு என்னோடு சாப்பிடுவாள், நான் வாங்கிவரும் மீ கோரெங், அதாவது வறுத்த நூடல்ஸ், அல்லது பரோட்டா. கல்பனா எழுதியது: ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சோறு. காலையில் மைலோவும் ரொட்டியும். தர்ஷினியின் தாளில்தான் எல்லாம் இருந்தது. பள்ளி இடைவேளையில் நூடல்ஸ், பள்ளி முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் மதியச் சாப்பாடு, அங்கேயே நாலு மணிக்குப் பலகாரம், அம்மா வாங்கிவரும் வடை, அம்மாவோடு சோறு, அப்பாவோடு மறுபடி சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பரோட்டாவும் பண்டோங் என்னும் ரோஸ் பாலும். விளையாட்டு என்ற இடத்தில் ஐபேட் என்று எழுதியிருந்தாள்.

இரண்டு இரவுச் சாப்பாடு. நான் அவள் எனக்காகக் காத்திருந்து சாப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கல்பனா அவள் என்னோடு ஒரு வாய் கொறிக்கிறாள் என்று நினைத்தாள்.

“ஏழு மணிக்கே சாப்பிட்டாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு?” என்றாள் கல்பனா.

தர்ஷினி போர்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். “சாப்பிட்டேன்னு சொன்னா அப்பா ஃபோன் பார்த்துட்டே சாப்பிடுவாரு. சேர்ந்து சாப்பிட்டாத்தான் பேசுவாரு.”

ஃபரா எதுவும் எழுதவில்லை. யாரையும் பட்டினி போட வேண்டாம், ஒரே இரவுச் சாப்பாடு, மூவரும் சேர்ந்து, அதுதான் முதல் மாற்றம் என்றார். கூடவே, சாப்பாடு இல்லாத நேரத்திலும் பிள்ளையோடு இருங்கள் என்றார். மேலதிகாரியிடம் பேசிக் காலை ஷிஃப்ட் மாற்றி வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தால் அவர் அப்போதே கொடுத்திருப்பார்.

வீட்டுக்குப் போன அன்று சக்கர நாற்காலியில் அவளை புளோக்குக்குக் கீழே தள்ளிவந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது. அவள் உள்ளே பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி, “லிஃப்ட்ல போலாமாப்பா?” என்றாள். ஒரு கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிள்ளை என்னிடம் அனுமதி கேட்டாள். நான் அங்கேயே, கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு பேர் முன்னால் அழுதேன்.

மேலே போனதும் அவள் கட்டிலில் உட்கார்ந்து என் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக. சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் நிறுத்திவிடுவோம் என்றேன்.

“சத்தம் இல்லன்னா?”

“இல்லன்னாலும் நிறுத்துவோம். சொன்னவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

“சும்மா சொன்னாங்கன்னா?”

“அப்பவும்தான். நீ வலிக்குதுன்னு சொன்னா அப்பா லிஃப்ட நிறுத்திட்டு வந்துடுவேன். நான் உன்ன நம்பாம இருந்தது தப்பு, தர்ஷினி. ஆம்புலன்ஸ்காரர்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்.”

“ஓகேப்பா” என்றாள். பிள்ளைகள் ஓகே என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடவில்லை.

ஆறு வாரம் சக்கர நாற்காலி, பிறகு ஊன்றுகோல், பிறகு நடை. வகுப்பில் இரண்டு பையன்கள் அவளை “காஜா” என்று கூப்பிடுவார்களாம், மலாயில் யானை. எனக்கு அது தெரியாமலே இருந்தது, இப்போது சாப்பிடாத நேரத்தில் சொல்கிறாள். நீச்சல்தான் இடுப்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் சனிக்கிழமை தோறும் மூவரும் நீச்சல் குளத்துக்குப் போவோம். எனக்கு நீச்சல் தெரியாது. ஆழமில்லாத பக்கம் நின்றுகொண்டு இருமிக்கொண்டிருப்பேன், அவளுக்கு அதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். எடை குறைந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடவில்லை. உயரமாகிறாள். அதுவே இப்போதைக்குப் போதும் என்றார் ஃபரா. வலது உருண்டையில் ரத்தம் ஓடுகிறது என்று மூன்றாவது மாத எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னார்.

ஆனால் தினமும் “கால் எப்படி இருக்கு?” என்று கேட்டால் “ஓகே” தான். அதே ஓகே. இடது பக்கம் வலித்தால் சொல்வாளா, இல்லை யாராவது ஒருத்தர் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாளா என்று தெரியாமலேயே ஐந்து மாதம் போயிற்று.

போன மாதம், புக்கிட் மேராவில் ஒரு பழைய புளோக்கின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி. மாணவர் பராமரிப்பு நிலையத்து எண்ணிலிருந்து அழைப்பு.

“பா.” தர்ஷினியின் குரல். “லெஃப்ட் சைடு. தொடையில. கொஞ்சம்தான்.” அவளே தொடர்ந்தாள். “பொய் இல்லப்பா.”

“எழுந்திருக்காத” என்றேன். “அப்படியே உக்காரு. பாத்ரூம் போகணும்னாலும் நடக்காத, டீச்சர்கிட்ட சொல்லு. அப்பா வர்றேன்.”

“வேலை?”

“நிறுத்திட்டேன்.”

உண்மையாகவே நிறுத்திவிட்டேன். லிஃப்டைப் பூட்டிவிட்டு, பலகையை மாட்டிவிட்டு, கூட வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மாடியும் படியில் ஓடி இறங்கினேன். டாக்சி பிடித்தேன். மறுபக்கமும் வழுக்கிவிட்டதே என்று பயமாக இருந்தது. அவள் என்னிடம் சொல்லிவிட்டாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு முன்னால் தெரியாது.

அதே மீன் சுவர். அதே திரை. இந்தத் தடவை எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. டாக்டர் நளாயினி பேனா நுனியால் காட்டினார். தட்டு லேசாக அகன்றிருந்தது. வழுக்கத் தொடங்கும் இடம். நாளைக் காலை ஒரு ஸ்க்ரூ, சின்ன வேலை, உருண்டைக்கு ஆபத்து இல்லை என்றார்.

“எப்ப இருந்து வலி?” என்று தர்ஷினியிடம் கேட்டார்.

“இன்னைக்கு ஸ்கூல் ரிசெஸுக்கு அப்புறம்.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஐந்தரை. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அவளிடம் திரும்பினார். “எனக்கு வர்ற பிள்ளைகள் எல்லாம் வாரக்கணக்கில் நொண்டிவிட்டுத்தான் வருவினம். நீ எப்படி இவ்வளவு கெதியா, அதே நாளில வந்தாய்?”

தர்ஷினி சக்கர நாற்காலியில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை.

“நான் சொன்னேன்” என்றாள். “அப்பா நம்பிட்டாரு.”